பல்சர் 150இல் ஸ்ரண்ட் பழக எந்த ரயர்? (கிளிநொச்சி)

கரைச்சிப் பெடியன்

அண்ணைமாருக்கு வணக்கம். என்னிடம் இருப்பது பழைய பல்சர் 150. முன்னுக்கு டிஸ்க், பின்னுக்கு ட்றம். ஒரு வருடமாக ஸ்ரண்ட் பழகி வருகிறேன். முன் சில்லைத் தூக்கி இரண்டாம் கியரில் ஐம்பது அறுபது மீற்றர் போக முடிகிறது. முன் பிறேக்கில் நின்று பின் சில்லைத் தூக்குவது இப்போதுதான் தொடங்கியிருக்கிறேன், இன்னும் ஒரு முழம்கூட எழும்பவில்லை.

பின் ரயர் நடுவில் மொட்டையாகிவிட்டது. இந்த மாதம் மாற்றியே ஆக வேண்டும். கேட்ட இடமெல்லாம் ஒவ்வொரு கதை. ஒரு கடையில் 140 அளவில் அகல ரயர் போடு, நிலத்தில் நன்றாக உட்காரும் என்கிறார்கள். கூட்டாளி ஒருவன் மென்மையான ரப்பர்தான் பிடிக்கும் என்கிறான். வீடியோக்களில் 10 பி.எஸ்.ஐ.க்குக் காற்றை இறக்கு என்கிறார்கள். அம்மா தந்த காசு ஒரு சோடி ரயருக்குத்தான் காணும். பிழையானதை வாங்கினால் பெரும்போக வெட்டு முடியும் வரை இன்னொன்று வாங்க வழியில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வவுனியா எஃப்சி

தம்பி, என்னுடையது யமஹா எஃப்சி. பின்னுக்கு 140/60-17 ரேடியல். சில்லைத் தூக்கி வைத்தால் மேசை மாதிரி அசையாமல் நிற்கும். முன்பு என்னிடம் இருந்த டிஸ்கவரில் இடமும் வலமும் ஆடிக்கொண்டே இருக்கும். அகலம் கூடினால் நிதானம் கூடும், அதில் சந்தேகமே இல்லை. கடைக்காரர் சொன்னது சரி. போடுங்கள்.

புதுக்குடியிருப்பு கராச்

பொறும் தம்பி, காசைக் கொடுக்க முன்னம் இதை வாசியும்.

எஃப்சியில் 140 நன்றாக இருக்கிறது என்றால் அதன் றிம் அதற்காகவே அகலமாகச் செய்யப்பட்டது. 140/60 ரயருக்குக் குறைந்தது 3.5 அங்குல றிம் வேண்டும். உம்முடைய பல்சரின் பின் றிம் அதைவிட நல்ல ஒடுக்கம். ஒடுங்கிய றிம்மில் அகல ரயரைப் போட்டால் இரண்டு கரையும் உள்ளுக்கு இழுபட்டு, ரயரின் முதுகு முட்டை மாதிரி வளைந்து நிற்கும். நிலத்தில் படுவது நடுவில் ஒரு கோடு மட்டும். காசு கொடுத்து வாங்கிய அகலம் காற்றில் தொங்கும். பிறகு செயின் உரசும், பின் சில்லைத் தாங்கும் சுவிங் ஆமில் உரசும். போன வருடம் மட்டும் இப்படி மூன்று மோட்டார் சைக்கிள் என் கராச்சுக்கு வந்தது.

எண்களை வாசிக்கப் பழகும். 100/90-17 என்றால் அகலம் 100 மில்லிமீற்றர், உயரம் அதில் 90 வீதம், றிம் 17 அங்குலம். முழு விட்டம் ஏறக்குறைய 612 மில்லிமீற்றர் வரும். 110/80-17 போட்டால் 608. கிட்டத்தட்ட அதே உயரம், ஒரு விரல் அளவு அகலம் கூட. கியர் விகிதம் மாறாது. இதற்கு மேல் உம்முடைய றிம்மில் போகவேண்டாம்.

மூன்று விஷயம் சொல்லாமல் விட்டீர். எந்த நிலத்தில் பழகுகிறீர்? வீட்டிலிருந்து அங்கே எப்படிப் போகிறீர்? ரியூப் ரயரா, ரியூப்லெஸ்ஸா? இது தெரியாமல் ஒருவரும் உமக்கு ரயர் சொல்ல முடியாது.

கரைச்சிப் பெடியன்

நன்றி அண்ணை. தெரிந்த ஒருவரின் நெல் ஆலையில் நெல் காயவிடும் கொங்கிறீற்றுத் தளம் இருக்கிறது. போக வேலை இல்லாத காலத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் விடுவார். வீட்டிலிருந்து ஆறு கிலோமீற்றர். முதல் இரண்டும் கிறவல் றோட்டு, மீதி ஏ9. மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டுதான் போகிறேன். ரியூப் ரயர். பின் ரயரில் 100/90-17 55 பி என்றும், முன் ரயரில் 2.75-17 41 பி என்றும் எழுதியிருக்கிறது. அந்த 55, 41 என்னவென்று இன்றுவரை தெரியாது.

புதுக்குடியிருப்பு கராச்

அதைத்தான் எல்லாரும் வாசிக்காமல் விடுகிறார்கள். அந்த எண் ரயர் தாங்கும் பாரத்தைச் சொல்லும். 55 என்றால் 218 கிலோ. 41 என்றால் 145 கிலோ. பக்கத்தில் உள்ள "பி" வேகம், மணிக்கு 150 கிலோமீற்றர் வரை.

இப்போது கணக்குப் பாரும். பல்சர் 143 கிலோ அளவில் வரும். நீர் ஒரு 60 கிலோ என்று வைப்போம். இரண்டும் 203. சும்மா ஓடும்போது இந்தப் பாரம் இரண்டு சில்லுக்கும் பிரிந்து போகும். முன் சில்லைத் தூக்கினால் முழுப் பாரமும் பின் ரயரில். 218 தாங்கும் ரயரில் 203. சரி, சமாளிக்கும். பின்னுக்கு ஒரு ஆளை ஏற்றிக்கொண்டு தூக்கினால் 260 தாண்டும். அப்போது ரயர் தன் அளவை மீறிவிட்டது.

முன் பிறேக்கில் நின்று பின் சில்லைத் தூக்கும்போது அதே 203 கிலோவும் முன் ரயரில். அது தாங்குவது 145. உடனே வெடிக்கும் என்று சொல்லவில்லை, அந்த எண் தொடர்ந்து ஓடும் ஓட்டத்துக்கானது. ஆனால் ரயரின் பக்கச் சுவர் மடங்கும், ஹாண்டில் தள்ளாடும், ரியூப் நசியும். நீர் முன்னுக்குப் பழகத் தொடங்கியதாகச் சொன்னீர் அல்லவா? அப்படியென்றால் உமக்கு அவசரமாக மாற்றவேண்டியது முன் ரயர். பிறகு வந்த பல்சர் 150களில் முன்னுக்கு 80/100-17 வருகிறது, 46 எண், 170 கிலோ. உம்முடைய றிம்மிலும் அது உட்காரும். மட்கார்ட்டில் இடைவெளி இருக்கிறதா என்று சில்லைச் சுற்றிப் பார்த்துக்கொள்ளும். அதோடு முன்னுக்குப் பழகும் நாளில் காற்றைக் குறைக்கவே வேண்டாம்.

எனக்கு இந்தச் சுவர் மடங்கும் கதை சின்ன வயதிலேயே தெரியும். பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்குள் புது ரயர் கிடைப்பது குதிரைக் கொம்பு. மண்ணெண்ணெயில் ஓடிய ஹொண்டா சீ-90களுக்கு, பெற்றோலை ஒரு சொட்டு விட்டு ஸ்ராட் செய்துவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம், வெடித்த ரயருக்குள் பழைய ரயர்த் துண்டை வெட்டி வைத்து ஓட்டினோம். அந்தத் துண்டு வைத்த இடம் பாரம் ஏறும்போது எப்படிப் பிதுங்கும் என்று கையால் தொட்டுப் பார்த்துப் பழகியவன் நான். அதனால்தான் ரயரைப் பற்றிக் கேட்டால் முதலில் சுவரைப் பார் என்று சொல்வேன்.

ஆனையிறவுக் காற்று

கராச் அண்ணை சொன்னதற்கு மேல் நான் ரப்பரைப் பற்றிச் சொல்கிறேன். பத்து வருடமாக அப்பாச்சியில் பழகுகிறேன், இப்போது நாலு பெடியளுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன்.

எல்லாரும் "நன்றாகப் பிடிக்கும் ரயர்" கேட்கிறார்கள். எனக்கு வேண்டியது அது அல்ல. எப்போது வழுக்கும் என்று எனக்கு முன்கூட்டியே சொல்லும் ரயர் வேண்டும். மிக மென்மையான ரப்பர் கடைசி வரை பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுத் திடீரென்று விடும். விட்ட அடுத்த நொடி மறுபடி பிடிக்கும். அந்த மறுபடி பிடிப்பதுதான் ஆளைத் தூக்கி எறிவது. நடுத்தரமான ரப்பர் மெல்ல மெல்ல இழுபடும், இடுப்புக்குக் கீழே அது தெரியும், கால் பிறேக்கைத் தளர்த்த நேரம் கிடைக்கும்.

நெல் தளத்தில் இன்னொன்று இருக்கிறது. கொங்கிறீற்று தாரைவிட அராவும். மென்மையான ரயர் அதில் பென்சில் அழிறப்பர் மாதிரிக் கரையும். மேலும் வெயிலில் சூடேறிய மென்மையான ரப்பரில் உமியும் புழுதியும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியபின் நீங்கள் ரப்பரில் ஓடவில்லை, புழுதியில் ஓடுகிறீர்கள். எந்த ரயர் என்பதைவிட தும்புத்தடியால் தளத்தை எத்தனை தரம் கூட்டினீர்கள் என்பது பெரிது. நாங்கள் முதல் அரை மணித்தியாலம் கூட்டுவது மட்டும்தான். ஒரு பெடியன் அலுத்துப்போய்க் கூட்டாமல் ஏறினான், அவனை அன்று ஓட விடவில்லை.

எங்கள் பக்கத்துக்கே உரிய இன்னொரு விஷயம், காற்று. ஆனையிறவு வெளியில் சோளகம் எழும்பிவிட்டால் தூக்கிய முன் சில்லு பாய்மரம் மாதிரி. மே மாதத்திலிருந்து ஓகஸ்ட் செப்ரெம்பர் வரை காலை எட்டு மணிக்குப் பிறகு நாங்கள் தூக்குவதில்லை. வாய்ப்பான வெளி என்று நினைத்து ஆளில்லாத காணிகளில் இறங்கவும் வேண்டாம். முகமாலைப் பக்கம் எத்தனை வருடம் மிதிவெடி அகற்றினார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். சிவப்பு மண்டையோட்டுப் பலகை இல்லை என்பதற்காக நிலம் சுத்தம் என்று அர்த்தம் இல்லை. கூட்டிப் பெருக்கி, மனிதர் தினமும் நடமாடும் தளம் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. அதை விட்டுவிடாதீர்கள்.

ஏ9 லொறி

எனக்கு ஸ்ரண்ட் தெரியாது. கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் இடையில் இருபது வருடமாக லொறி ஓட்டுகிறேன். தளத்தில் பழகுகிறேன் என்று எழுதியதைப் பார்த்துச் சந்தோசப்பட்டேன் தம்பி. மாங்குளத்துக்கும் புளியங்குளத்துக்கும் நடுவில் நேர் றோட்டில் சில பெடியள் சில்லைத் தூக்கிக்கொண்டு எதிரே வருகிறார்கள். முன் சில்லு தூக்கியவனுக்கு எதிரே வருவது தெரியாது, அவனுடைய முன் லைற் வானத்தைப் பார்க்கிறது. எனக்கு அவனுடைய தூரம் தெரியாது. பெப்ரவரி மார்ச்சில் கரையெல்லாம் நெல் காயப்போட்டிருக்கும், ஒரு பிடி நெல் சில்லுக்குக் கீழே போனால் போதும். இரவில் மாடு படுத்திருக்கும். எந்த விலை ரயரும் இதுக்கு உதவாது. றோட்டில் மட்டும் வேண்டாம் ராசா.

தொலைவில்

ரொறன்ரோவிலிருந்து எழுதுகிறேன், ஊர் ஒட்டுசுட்டான். இங்கே பன்னிரண்டு வருடம் கவசாகி 636இல் ஸ்ரண்ட் செய்தவன், இப்போது முதுகு காரணமாக விட்டுவிட்டேன். காற்றழுத்தக் கதையை நான் சொல்கிறேன், ஏனென்றால் அந்த வீடியோக்கள் பெரும்பாலும் எங்கள் மாதிரி ஆட்கள் எடுத்தவை.

ஏன் காற்றை இறக்குகிறோம்? ரயர் பாரத்தைத் தாங்குவது உள்ளே இருக்கும் காற்றினால். பாரத்தை அழுத்தத்தால் பிரித்தால் நிலத்தில் படும் பரப்பு ஏறக்குறைய வரும். உங்கள் 203 கிலோவை எடுப்போம். 30 பி.எஸ்.ஐ. என்றால் சதுர சென்ரிமீற்றருக்கு 2.1 கிலோ. படும் பரப்பு 97 சதுர சென்ரிமீற்றர் அளவில். 20க்கு இறக்கினால் 144. ரயர்ச் சுவரின் விறைப்பையும் சேர்த்தால் உண்மையில் இதைவிடக் கொஞ்சம் குறையும், ஆனாலும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அதனால்தான் தூக்கிய மோட்டார் சைக்கிள் ஆடாமல் நிற்கிறது. அத்தோடு மெத்தென்ற ரயர் அடியை உள்வாங்குவதால் சமநிலைப் புள்ளியில் நிற்பது சுலபம்.

நாங்கள் 15 முதல் 20 வரை வைப்போம். சிலர் அதற்கும் கீழே போவார்கள். ஆனால் வீடியோவில் தெரியாத மூன்று விஷயங்கள் உண்டு. எங்கள் பின் ரயர் 180/55-17, அதற்குள் இருக்கும் காற்றின் கொள்ளளவும் சுவரும் வேறு. ரியூப்லெஸ், உள்ளே நசிய ரியூப் கிடையாது. மூன்றாவது, ஒருவரும் அந்த மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவதில்லை, வான் வண்டியில் ஏற்றி வருகிறோம், ஏற்றிப் போகிறோம். நீங்கள் ஆறு கிலோமீற்றர் ஓட்டி வருகிறீர்கள். 10 பி.எஸ்.ஐ.யில் ஏ9இல் ஏறினால் முதல் திருப்பத்தில் ரயர் றிம்மை விட்டுப் பக்கமாக நடக்கும்.

வட்டம் அடிக்கும்போதோ பின் சில்லை வழுக்கவிட்டுச் சுழற்றும்போதோ நாங்கள் மாறாகக் காற்றைக் கூட்டுவோம், 40க்கு மேலும். வழுக்க வேண்டியதை வழுக்க விட. ஆகவே "ஸ்ரண்டுக்கு எத்தனை காற்று" என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் கிடையாது. அன்று என்ன பழகுகிறீர்களோ அதற்குத்தான் காற்று.

நான் என்றால் உங்களுக்குப் பின்னுக்கு 16 என்று சொல்வேன், தளத்தில் மட்டும்.

புதுக்குடியிருப்பு கராச்

தொலைவில் தம்பி, மற்றதெல்லாம் சரி, அந்த 16இல் நான் உடன்படமாட்டேன். அவருடையது ரியூப்.

ரியூப் ரயரில் காற்றுக் குறைந்தால் ரயர் றிம்மின் மேல் நகரும். முன் சில்லைத் தூக்கினபடி கால் பிறேக்கால் சமநிலையைப் பிடிக்கிறார்கள். ஒவ்வொரு மிதிக்கும் றிம் நிற்கப் பார்க்கும், ரயர் ஓடப் பார்க்கும். கியரை இழுத்தால் மறுபக்கம். ரயரோடு சேர்ந்து ரியூப்பும் நகரும். ஆனால் ரியூப்பின் வால்வு றிம் ஓட்டைக்குள் மாட்டியிருக்கிறது. அது நகர முடியாது. வால்வு சரியும், சரியும், ஒரு நாள் அடியோடு பிடுங்கிக்கொண்டு போகும். ஒட்டுப் போட முடியாத கிழிசல் அது. சில்லு மேலே நிற்கும்போது பின் ரயரில் காற்று ஒரேயடியாகப் போனால் என்ன நடக்கும் என்று உமக்கே தெரியும்.

பல்சர் 150க்குக் கம்பனி சொன்ன காற்று முன்னுக்கு 25, பின்னுக்குத் தனி ஆளுக்கு 28, இரண்டு பேருக்கு 32. தம்பி 28இல் தொடங்கட்டும். இரண்டு இரண்டாகக் குறைத்துப் பார்க்கட்டும். 22க்குக் கீழே போகக் கூடாது என்பது என் கருத்து.

ஒரு வேலை செய்யும் பெடியன். வெள்ளைப் பெயின்ற்றால் வால்வுக்கு நேரே றிம்மிலிருந்து ரயர்ச் சுவர் வரை ஒரே கோடாக இழும். ஒவ்வொரு நாள் ஓடி முடிந்ததும் பாரும். கோடு இரண்டும் நேராக இருந்தால் ரயர் நகரவில்லை. விலகினால் காற்று உமக்குக் காணாது. நானோ ரொறன்ரோ தம்பியோ சொல்லும் எண்ணைவிட அந்தக் கோட்டை நம்பும்.

தொலைவில்

அண்ணை சொல்வதை ஏற்கிறேன். ரியூப் என்பதை நான் சரியாக எடுக்கவில்லை. 16ஐ மறந்துவிடுங்கள். அந்தக் கோடு போடும் வேலை நல்ல வேலை.

வவுனியா எஃப்சி

நான் முதல் எழுதியதைத் திருத்துகிறேன். றிம் அகலத்தை யோசிக்காமல் எழுதிவிட்டேன், தம்பி அதை நம்பி வாங்கியிருந்தால் பாவம்.

காற்றைக் குறைத்த அனுபவம் எனக்கும் உண்டு. ரேடியலின் சுவர் மெல்லியது, நன்றாக வளையும். ஒரு நாள் 16க்கு இறக்கிவிட்டுப் பழகி முடிந்து, பம்ப் கொண்டுபோக மறந்து, அப்படியே ஓமந்தையிலிருந்து வவுனியாவுக்கு ஓட்டி வந்தேன். ஒரு சின்னக் குழிதான். றிம் உதடு உள்ளுக்கு மடிந்துவிட்டது. அலோய் றிம், தட்டி நிமிர்த்தினால் வெடிப்பு விடும் என்று கராச்சில் தொடவில்லை. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பாவித்த உதிரிப்பாகத்தின் விலை என்னவென்று எல்லாருக்கும் தெரியும், ஒரு றிம்முக்காக மூன்று மாதம் மோட்டார் சைக்கிளை வீட்டில் நிற்பாட்டி வைத்திருந்தேன். உள்நூல்கள் ஒன்றுக்கொன்று குறுக்காகப் போகும் குறுக்குநூல் ரயர், அதுதான் உங்களுக்கு வழக்கமாகக் கிடைப்பது, அதன் சுவர் தடிப்பு. குறைந்த காற்றில் ரேடியலைவிட நன்றாக நிற்கும். ரேடியல் வேண்டும் என்று அலைய வேண்டாம். சைக்கிள் கால்பம்பும் காற்றழுத்தமானியும் எப்போதும் பையில் இருக்கட்டும்.

ஆனையிறவுக் காற்று

காற்றழுத்தமானி என்றதும் ஞாபகம் வந்தது. காலையில் ஆறு மணிக்கு அளந்த காற்றும் பதினொரு மணிக்கு அளந்த காற்றும் ஒன்றல்ல. ஏழெட்டுப் பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. கூடும். ஒரு மணித்தியாலம் பிறேக் மிதித்து ஓடிய பின் ரயரைத் தொட முடியாது, அப்போது 22 என்று வைத்தது 26ஐத் தொட்டிருக்கும். சூட்டில் அதைக் கண்டு மறுபடி இறக்கினீர்கள் என்றால், ஆறியபின் 18இல் வீட்டுக்குப் போகிறீர்கள். எப்போதும் குளிர்ந்த ரயரில் அளக்கவும்.

அப்புறம், முன் சில்லை நேராகத் தூக்குபவர்கள் ரயரின் நடுவை மட்டும் தேய்ப்பார்கள். இரண்டு மாதத்தில் நடு சப்பையாகிவிடும். சப்பையான ரயர் நேராகத் தூக்க நன்றாகத்தான் இருக்கும், அதனால் சிலர் மாற்றாமல் விடுகிறார்கள். ஆனால் அந்தச் சப்பைக்கும் கரைக்கும் நடுவில் ஒரு விளிம்பு வந்துவிடும், வீட்டுக்குப் போகும் வழியில் வளைவில் சரிக்கும்போது அந்த விளிம்பில் மோட்டார் சைக்கிள் "டக்" என்று விழும். ரயரின் முகத்தில் உள்ள வெட்டுக்களின் அடியில் சின்ன மேடு இருக்கும், தேய்மான அடையாளம். ரப்பர் அதற்குச் சமமாக வந்தால் அந்த ரயர் முடிந்தது.

தாதி

மாவட்ட வைத்தியசாலை ஒன்றில் விபத்துப் பிரிவில் வேலை செய்கிறேன். இந்த இழையை என் தம்பி காட்டினான், அவனும் பழகுகிறான். ஒன்றை மட்டும் எழுத வந்தேன். கிறவலில் விழுந்து வருகிறவர்களின் முழங்கையிலிருந்தும் இடுப்பிலிருந்தும் கல்லுத் துகள்களை ஒவ்வொன்றாக எடுக்கிறோம். மயக்க மருந்து இருந்தும் கத்துவார்கள். ரப்பர்ச் செருப்போடு வருகிறவர்களின் கணுக்காலைப் பார்க்க முடியாது. தலைக்கவசம் நாடியில் பூட்டாமல் போட்டு வந்தவரின் தலைக்கவசம் இருபது யார் தள்ளிக் கிடந்ததாகக் கூட வந்தவர்கள் சொன்னார்கள். ஒரு சோடி ரயருக்குத்தான் காசு என்று கேள்வி கேட்ட தம்பி எழுதியிருந்தார். ஒரு ரயரை மட்டும் இப்போது வாங்கி, மிச்சக் காசில் கணுக்காலை மூடும் சப்பாத்தும் முழங்கால் காப்பும் வாங்குங்கள் என்று கேட்கிறேன். தனியாகவும் பழக வேண்டாம். கூட ஒருவர் இருக்க வேண்டும்.

கரைச்சிப் பெடியன்

அக்கா, எழுதியதற்கு நன்றி. வாசித்துவிட்டு அம்மாவிடமும் காட்டினேன்.

நேற்றுக் கடைக்குப் போனேன். நடந்ததை எழுதுகிறேன். கேட்ட உடனே கடைக்காரர் வாசலில் தொங்கிய ஒன்றை எடுத்துத் தந்தார், நல்ல பெயர் உள்ள கம்பனி, விலையும் குறைவு. ரயரில் உற்பத்தித் திகதி இருக்கும் என்று எங்கேயோ கேட்டிருந்ததால் தேடிப் பார்த்தேன். நாலு எண் கொண்ட சின்ன வட்டமான பெட்டி. 1417 என்று இருந்தது. அது என்னவென்று கடைக்காரரையே கேட்டேன், அவர் முகம் மாறிவிட்டது.

புதுக்குடியிருப்பு கராச்

2017ஆம் ஆண்டின் 14ஆம் கிழமை செய்த ரயர். வெயில் படும் வாசலில் அத்தனை வருடம் தொங்கியிருக்கிறது. சுவரைப் பெருவிரலால் மடித்துப் பார்த்தால் மயிர் மாதிரி வெடிப்புத் தெரிந்திருக்கும். வெட்டு முழுதாக இருந்தாலும் ரப்பர் விறைத்துப் போயிருக்கும், பிடிக்காது. ஸ்ரண்டுக்கு மட்டுமில்லை, சந்தைக்குப் போகவும் அது வேண்டாம். வாங்கவில்லைத்தானே?

கரைச்சிப் பெடியன்

வாங்கவில்லை அண்ணை. பரந்தன் சந்திக்குப் போய் வேறொரு கடையில் கேட்டேன். அங்கே எம்.ஆர்.எஃப், சியற், டி.வி.எஸ், டி.எஸ்.ஐ எல்லாம் இருந்தது. நீங்கள் யாரும் கம்பனிப் பெயர் சொல்லவில்லை, அதனால் எல்லாவற்றின் எண்ணையும் திகதியையும் பார்த்தேன். களனியில் செய்த சியற் ஒன்று, 80/100-17, 46 பி, செய்து ஐந்து மாதம். அதை முன்னுக்கு வாங்கினேன். பின்னுக்கு இப்போதைக்கு 100/90-17தான், ஆனால் அது 110/80 கிடைக்காததால் அல்ல. கூட்டாளி ஒருவன் தன்னுடைய அரைவாசி தேய்ந்த ரயரைத் தந்தான், திகதி பார்த்தேன், இரண்டு வருடம். அக்கா சொன்ன மாதிரி மிச்சக் காசில் சப்பாத்தும் முழங்கால் காப்பும் எடுத்தேன். பின்னுக்குப் புதுசு மாசியில்.

ஆனையிறவுக் காற்று

நல்ல முடிவு. புது ரயரின் மேல் பளபளப்பு இருக்கும், அச்சிலிருந்து வந்த வழுக்கல். முதல் 100 கிலோமீற்றர் சாதாரணமாக ஓடி அதைத் தேய்த்துவிட்டுத்தான் முன் பிறேக்கில் ஏதும் செய்ய வேண்டும். ரயர்ச் சுவரில் ஒரு அம்புக்குறி இருக்கும், உருளும் திசைக்கு அது பார்க்கிறதா என்று பூட்டியவர் போன பிறகு நீங்களும் ஒரு தரம் பாருங்கள்.

கரைச்சிப் பெடியன்

மூன்று கிழமை கழித்து எழுதுகிறேன்.

முன்னுக்குப் பழைய ரயரில் பிறேக் பிடிக்கும்போது ஹாண்டில் ஒரு துடி துடிக்கும், நான் அதை என் கைப் பழக்கம் என்று நினைத்திருந்தேன். புது ரயரில் அது இல்லை. 25 காற்றில் பின் சில்லு முழங்கால் உயரத்துக்கு எழும்புகிறது. தளத்தை இரண்டு தரம் கூட்டுகிறோம், ஆலைக்காரர் சந்தோசம், தளம் இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை என்கிறார்.

பின்னுக்கு 28இல் தொடங்கி இரண்டு இரண்டாக இறக்கினேன். 24இல் வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது, ஆட்டம் பாதி குறைந்துவிட்டது. போன ஞாயிறு 20க்கு இறக்கிப் பார்த்தேன். அண்ணை 22 என்று சொல்லியும் இறக்கியது என் பிழைதான். எண்பது மீற்றர் போனேன், அவ்வளவு நேராக ஒருநாளும் போனதில்லை. இன்று காலை மோட்டார் சைக்கிளைக் கழுவும்போது பெயின்ற் கோட்டைப் பார்த்தேன். றிம்மில் உள்ள கோட்டுக்கும் ரயரில் உள்ள கோட்டுக்கும் நடுவில் சின்ன விரல் அளவு விலகல். வால்வும் நேராக இல்லை, ஒரு பக்கம் சரிந்து நிற்கிறது. காற்று இறங்கவில்லை. ஓடலாமா?

புதுக்குடியிருப்பு கராச்

ஓடாதேயும். கடைக்குக்கூட வேண்டாம். வால்வு அடியில் ரியூப் ஏற்கெனவே இழுபட்டிருக்கும், வெளியே தெரியாது. காற்றை முழுக்க இறக்கும். பின் சில்லைக் கழற்றி, பரந்தன் சந்தியில் முல்லைத்தீவு பஸ்ஸில் பின் சீற்றுக்குக் கீழே போட்டுக்கொண்டு வாரும். ரியூப்பை எறியாதேயும், கிழித்துப் பார்ப்போம், வால்வு அடியில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று உமக்குக் காட்ட வேண்டும். றிம்மின் உள்பக்கம் துருவோ கூரோ இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நாளைக்குக் கராச் ஏழு மணிக்குத் திறக்கும்.

கரைச்சிப் பெடியன்

சரி அண்ணை. ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்கிறேன். அச்சாணியும் புஷ்களும் தனியே பையில் போட்டுக் கொண்டு வரவா?

புதுக்குடியிருப்பு கராச்

ஓம், கொண்டு வாரும். பிறேக் சூவையும் கொண்டு வாரும், கால் பிறேக்கில் அவ்வளவு நேரம் நின்றிருக்கிறீர், அதுவும் மினுங்கிப் போயிருக்கும்.